மொரிஹேய் முதுகு காட்டிய பரிசு

ஜப்பானின் செனோவுரா ஊரில், இறந்துபோன மொரிஹேய், தன் வீட்டுக்கு மட்டமான பரிசு வந்தால், புத்தர் மாடத்திலுள்ள தன் புகைப்படத்துக்குள்ளேயே திரும்பி முதுகைக் காட்டுவார். ஊரில் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. கானாங்கெளுத்தி விலை ஏறியதைத்தான் பேசினார்கள். விருந்தாளி தருவது எதுவானாலும் அங்கே முதலில் மாடத்துக்குத்தான் போகும். செத்தவர் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு. உயிரோடிருந்தபோது பிறர் பரிசாகத் தந்த கைத்துண்டுகளையே தாளை மாற்றிச் சுற்றி ஊருக்கெல்லாம் கொடுத்த மனிதர் இவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் மகள் நோபுயேயைக் கட்டிக்கொள்ள விரும்பிய ஹாச்சிரோ, வடக்கே அவொமோரியிலிருந்து, மெதுவான ரயில்களில் மட்டும் செல்லும் மலிவுச் சீட்டில் வந்தான். அதில் தவறில்லை. பரிசுக்கும் அதிக விலை கூடாது; பதில் மரியாதை செய்ய வேண்டுமே என்று வீட்டார்தான் தவிப்பார்கள். விருந்தாளி தன் ஊரிலிருந்து சுமந்து வந்ததாக இருந்தால் போதும். ஹாச்சிரோவின் கொல்லையில் ஆப்பிள் காசில்லாமல் தொங்கியது. அதைத் தூக்கச் சோம்பல்பட்டு, நோபுயே வீட்டுத் தெருமுனைக் கடையிலேயே பயறு இனிப்பு வாங்கி, பையோடு ஒற்றைக் கையால் நீட்டினான்.

மொரிஹேய் திரும்பிக்கொண்டார். கோட்டின் முதுகுத் தையல் தெளிவாகத் தெரிந்தது.

"உங்கப்பா மூஞ்சியக் காட்டாம கல்யாணம் கிடையாது," என்றாள் தாய் கியோனோ.

நோபுயே அவனை வாசலுக்கு இழுத்துப் போனாள். "எங்க தெருவுல வாங்கி எங்களுக்கே தர்றீங்களே, வழியில கையாவது வலிச்சுதா?"

"ஆப்பிள் கனமா இருக்குமேன்னு..."

"நான் கனத்தா என்னையும் அங்கேயே விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

கோடை முழுவதும் முதுகுக்கே ஊதுபத்தி ஏற்றினார்கள்.

இலையுதிர்காலத்தில் ஹாச்சிரோ ஆப்பிள்களைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு கைகளாலும் நீட்டினான். முடிச்சைக்கூட ஒழுங்காகப் போடவில்லை. மாடத்தில் வைத்ததும் அவிழ்ந்து, பழங்கள் உருண்டன. நாலு. நாலு அங்கே சாவின் எண். தட்டுகளைக்கூட நாலாகப் பரிசு தர மாட்டார்கள்.

"அஞ்சாத்தான் எடுத்தேன், அத்தை," என்றான் ஹாச்சிரோ. "ரயில்ல சாப்பாடு விக்கிற விலையில... ஒண்ணைத் தின்னுட்டேன்."

"பரிசைத் தின்னுட்டு வந்த மாப்பிள்ளை!" என்றாள் கியோனோ. மாடத்தின் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இதைக் கேட்டீங்களா?"

மொரிஹேய் திரும்பினார். முகத்தில் அன்பு எதுவும் இல்லை. ஈரத் துண்டை முகரும் முகம்தான். படச் சட்டத்துக்கு வெளியே கையை நீட்டி, ஒரு பழத்தை எடுத்து, கொட்டையோடு கடிக்கத் தொடங்கினார். மூன்று மிஞ்சின. மூன்று நல்ல எண்.

கல்யாணம் நவம்பரில் நடந்தது. படத்தில் அவருடைய இடது கன்னம் இன்னும் உப்பியிருக்கிறது. தூசி தட்டும்போது கியோனோ அந்த இடத்தில் மட்டும் துணியை மெதுவாக ஓட்டுவாள். மெல்லுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.