தேயிலைப் பெட்டிக்குள் ஓர் அட்டை

கைப்பேசியில் தட்டி எழுதுகிறவர்களைக் கண்டாலே நீலாவதிக்கு இளக்காரம். எஸ்டேட் தேயிலைக் கடையின் அறிவிப்புப் பலகையில் முப்பது வருடமாக எழுதுகிற கை அவளுடையது. அவள் போடும் 'ழ'வின் வால் கீழ்வரியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நிற்கும்.

மகள் புனிதா நான்கு வருடத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் எட்ரியன் என்கிறவனைக் கட்டிக்கொண்டு கிள்ளான் நகரத்துக்குப் போய்விட்டாள். பிறகு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் கைகூப்பிய பொம்மைப் படம் வேறு.

"மன்னிப்பக்கூட தட்டி அனுப்புறா பாரு மணியம்மா. கையால நாலு வரி எழுதுனா விரலு தேஞ்சிடுமா?" என்று கடையில் கூட வேலை செய்பவளிடம் பொரிந்துவிட்டு, மகளின் நம்பரையே ப்ளாக் செய்தாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் கோலாலம்பூரிலிருந்து வந்த புது மேனேஜர் ரயன் டேப்லெட்டை நீட்டினான். கட்டம் கட்டமாக, எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதச் சொன்னான்.

"இனிமே கம்ப்யூட்டரே உங்க கையெழுத்துல எழுதும், ஆன்ட்டி. நீங்க ரெஸ்ட் எடுக்கலாம் லா."

கோழியை வெட்டித் துண்டு போடுகிற மாதிரி எழுத்தைத் துண்டு போடுகிறானே என்று மனசுக்குள் ஏசிக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். அதற்குக் கிடைத்தது ஒரு டின் பிஸ்கட்.

தீபாவளிக்குத் தேயிலைப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் ஓர் அட்டை. 'மலையில் மழை. உன்னை நினைத்துக்கொண்டே பறித்த இலை இது. ஒருமுறை வந்துவிட்டுப் போ.' நீலாவதி பத்துப் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். பத்திலும் 'ழ'வின் வால் ஒரே நீளம்.

"நான் இலையும் பறிக்கல, எவரையும் கூப்பிடவும் இல்ல. பொய்ய அழகா எழுதுது மெஷினு, அவ்ளோதான்" என்று அட்டையை மணியம்மாவிடம் வீசினாள்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் வீட்டு வாசலில் புனிதா நின்றாள். இடுப்பில், நீலாவதி இதுவரை பார்த்திராத பெண் குழந்தை. கையில் அதே அட்டை.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரு பெட்டி குடுத்தாங்கம்மா. தெறந்தா உன் கையெழுத்து. அந்த 'ழ'வப் பார்த்ததும் அழுதுட்டேன். எத்தன பெட்டிக்கு எழுதியிருப்ப? ஒண்ணாச்சும் என் கைக்கு வந்து சேரும்னுதானே எழுதுன?"

அடி பைத்தியக்காரி, அது மெஷின் எழுதியதடி என்று சொல்ல நீலாவதிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழந்தை குளிரில் மூக்கை உறிஞ்சியது. இந்த நான்கு வருடத்தில் பலகையில் 'இன்றைக்குக் கடை மூடல்', 'படியில் உட்காராதீர்கள்', 'கழிப்பறை பின்பக்கம்' என்று எதையெதையோ வளைத்து வளைத்து எழுதியிருக்கிறாள். 'ஒருமுறை வந்துவிட்டுப் போ' என்று மட்டும் எழுதவில்லை. போயும் போயும் ஒரு மெஷின் எழுதிவிட்டது. நீலாவதி தன் வலது கையைப் பார்த்தாள். முதன்முறையாக அதைக் கண்டு அவளுக்கு இளக்காரமாக இருந்தது.

"ஆமா, நான்தான் எழுதுனேன்" என்றாள். "உள்ள வா. பிள்ளைக்குக் குளிருது பாரு."