கையால் முறுக்கினால் போதும்

மாடி வீட்டு வாஷ்பேசினுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் குழாய் ஒழுகி, எங்கள் படுக்கையறைக் கூரை ஒரு மாதமாக ஈரம் பூத்துக் கிடந்தது. மாடியில் இருப்பது கோமதிநாயகம். எங்கள் ஊர்க்காரன்தான், இங்கே தம்பானூர் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நான் கத்திய கத்தலில், கோயில் கொடைக்கு ஊருக்குக் கிளம்புகிற காலையில் ஒருவழியாக ஸ்பேனரைத் தூக்கினான்.

"பிளாஸ்டிக் மரை தம்பி, கையால முறுக்குனா போதும்" என்று என் வீட்டுக்காரர் மகாராஜா படுக்கையிலிருந்தே சொல்லி அனுப்பினார். கல்லறுக்கும் பட்டறையில் தூசி தின்று நெஞ்சு போனவர். மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாகக் கிடக்கிறார். அவர் பேச்சை யார் கேட்கிறார்கள்? பரோட்டா மாவை அடித்து அடித்துப் பழகிய கை, பாதியில் நிற்குமா? ஸ்பேனரைப் போட்டு இறுக முறுக்கிவிட்டுப் போய்விட்டான்.

அவன் பெண்டாட்டி மாடம்மாளுக்கு இன்னொரு வழக்கம். கொடைக்குப் போகும்போது வீட்டில் ஒரு பாத்திரமும் வெறுமையாக இருக்கக் கூடாது. குடம், வாளி, மொட்டைமாடி டாங்கி எல்லாவற்றையும் தளும்பத் தளும்ப நிரப்பி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கஞ்சியில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஃபேன் கொக்கி வழியாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டது. டாங்கி முழுக்க இறங்கப் போகிறது என்று புரிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். கோமதிநாயகத்துக்குப் போன் போட்டேன்.

"தம்பி, குழாய் உடைஞ்சிட்டு. சாவி எங்க?"

அந்தப் பக்கம் ஒரே மேளச் சத்தம். "குழாயா? நல்லா டைட் பண்ணிட்டேன் மைனி. இனி ஒரு சொட்டு ஒழுகாது" என்றான் கோமதிநாயகம். நான் மறுபடி கத்தினேன். மேளம்தான் பதில் சொன்னது.

அதற்குள் தண்ணீர் சுவரில் வழிந்து சுவிட்சு போர்டுக்குள் இறங்கியது. பொறி பறந்தது. மெயினை அணைக்காவிட்டால் ஷாக் அடித்து இரண்டு பேரும் போவோம். அணைத்தால் மெஷின் நின்றுவிடும். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் போன வாரம் கரண்டு போனபோதே தீர்ந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பயமாக இருந்தது. அவர் கையை மட்டும் அசைத்தார், அணை என்று.

அணைத்தேன். மெஷின் இரைச்சல் நின்றதும் அவர் மூச்சின் இழுப்பு தனியாகக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. பின்வாசலில் நின்று பக்கத்து வீட்டு மலையாளப் பெண் அஞ்சுவைக் கூவினேன். மதிலுக்கு மேலே தலை தெரிந்தது.

"அஞ்சு, உங்க வீட்டுக் கரண்டு வேணும். அவருக்கு மூச்சு..."

"சேச்சி பேடிக்க வேண்டா, வயர் நான் கொண்டுவரேன்" என்று தைரியம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

ஆனால் மேலே தண்ணீர் நிற்காமல் எந்தக் கரண்டும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வர முடியாது. அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கோமதிநாயகத்தை, அவன் கையை, அந்தக் கொடையை, பூட்டுச் செய்தவனை எல்லோரையும் திட்டிக்கொண்டே பூட்டில் போட்டேன். பூட்டு விடவில்லை, தாழ்ப்பாள்தான் பிய்ந்தது. உள்ளே கணுக்கால் தண்ணீர். பேசினுக்கு அடியில் அந்த மரை இரண்டாக விண்டு, குழாய் பாம்புக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. முகத்தில் பீய்ச்சி அடிக்க அடிக்க வால்வைத் தேடிப் பிடித்துத் திருப்பினேன். நின்றது.

அவருக்கு மூச்சு இருந்தால் சரி, இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று அழுதுகொண்டேதான் இறங்கினேன். அஞ்சு கட்டிலை மெஷினோடு காய்ந்த மூலைக்கு இழுத்திருந்தாள். ஜன்னல் வழியாக அவள் வீட்டு வயர். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டின் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சிவப்பு திரும்பியது.

"ஏளா... கையாலன்னு... சொன்னேன்லா" என்றார்.

சாயங்காலம் கோமதிநாயகமே கூப்பிட்டான். வயிற்றில் ஒரு மூட்டை வசவு சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"மைனி, அண்ணாச்சிக்குத்தான் நேர்ந்துக்கிட்டு வந்தோம். அவர் பேர்ல மத்தியானப் பூசை கொடுத்தாச்சு. உங்ககிட்ட முதல்லயே சொல்லக் கூடாதுன்னு மாடம்மா சொல்லிட்டா. அண்ணாச்சிக்கு மூச்சு எப்படி இருக்கு?"

நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கு" என்றேன். "வரும்போது ஒரு ஸ்டீல் குழாய் வாங்கிட்டு வா. ஸ்பேனரை அங்கேயே விட்டுட்டு வா."