பந்து போன திசை

கையில் குறை இல்லை, மட்டையில் குறை இல்லை, தரையில்கூடக் குறை இல்லை. பந்து மட்டும் எழும்பவே மாட்டேன் என்றது. தரையோடு தரையாக ஓடி எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது. சாயங்காலம் ஆனால் அங்கே என் கூத்துதான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"இன்னாம்மா அபிநயா, பந்து எலி புடிக்கப் போவுதா?" என்று கேட்பார் பக்கத்து வீட்டு அங்கம்மாள் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கேடி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை. ஆட வருகிறவர்களின் பையைச் சுமந்து, எந்த மட்டையால் அடிக்கலாம் என்று சொல்லி, அடித்த பந்து எங்கே விழுந்தது என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். காலையில் போய் மரத்தடி பெஞ்சில் உட்கார வேண்டும். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் வேலை உண்டு. இல்லையென்றால் மத்தியானம் வரை கொசு அடித்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். அந்த பெஞ்சைக் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். எவனாவது கூப்பிடுவானா என்று வாயைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிறந்தவள் இல்லை நான்.

அப்போதுதான் கோச் பாண்டியன் சார் சொன்னார். புதிதாக ஆட வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டுமாம். கேடிகளிலேயே ஒருவரை எடுத்துக்கொள்வார்களாம். திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். அப்படி ஒரு திங்கட்கிழமை ஆட்டத்தில் ஜெயிக்கிறவருக்கு அந்த வேலை. நிரந்தர வேலை. பெஞ்ச் கிடையாது.

தூரத்து அடியெல்லாம் எனக்கு நன்றாக வரும். வராதது சிப். குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பந்தை லேசாகத் தூக்கிப் போட்டு, குழியில் நட்ட கொடி வரைக்கும் உருள விடுகிற சின்ன அடி. பாடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். காலை நெருக்கி வை. உடம்புப் பாரத்தை முன்காலில் போடு. மணிக்கட்டை உடைக்காதே. பந்தை நீ தூக்கப் பார்க்காதே, மட்டை தூக்கும். எத்தனை பெரிய மனிதர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்! ஊருக்குத்தான் உபதேசம்.

கடைசியில் என் வீட்டுக்காரர் சிவராஜ்தான் நான் அடிப்பதை ஃபோனில் படம் பிடித்தார். அவர் தறி நெய்கிறவர். கோல்ஃப் என்றால் காசுக்காரர்கள் வெயிலில் நடப்பது என்ற அளவுக்குத்தான் தெரியும். படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"பந்துக்கு முன்னாடி உன் தலை பறக்குதுமா."

பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். மட்டை பந்தைத் தொடுவதற்குள்ளேயே என் தலை நிமிர்ந்துவிட்டது. கண் அதற்குள் வானத்தில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தது. தலை நிமிர்ந்தால் தோளும் நிமிரும். தோள் நிமிர்ந்தால் மட்டை பந்தின் உச்சந்தலையில் தட்டும். அது எங்கே எழும்பும்?

"இன்னா அவசரம் உனக்கு?" என்றார்.

அவசரம் இல்லை, தொழில். பந்து போன திசையைக் கோட்டை விட்டால் கேடிக்கு வசவுதான் மிஞ்சும். எவன் மட்டையை வீசினாலும் கண் பந்தோடு பறக்க வேண்டும் என்று என்னை நானே பழக்கி வைத்திருந்தேன். இப்போது வீசுவது நானே என்றாலும் கண் கேட்கவில்லை.

மறுநாள் சிவராஜ் தறியடியில் கிடந்த பட்டு நூல் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு துண்டைப் புல்லின் வேரில் செருகி அதன்மேல் பந்தை வைத்தார்.

"அடிச்சிட்டு இன்னா கலருன்னு சொல்லு. பந்து எங்க போவுதுன்னு நான் பாத்துக்கறேன்."

அடித்தேன்.

"சொல்லுமா."

கலர் தெரியவில்லை. பந்து சாக்கடையில் விழுந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க இதே சண்டை. குத்துமதிப்பாகப் "பச்சை" என்று அடித்துவிடுவேன். "அரக்கும்மா" என்பார். மட்டையை வீசி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவேன். உலை வைத்த கையோடு திரும்பி வருவேன். இருப்புக் கொள்ளவில்லை. போகப்போக அரக்கு அரக்காகத் தெரிந்தது, மயில்கழுத்து மயில்கழுத்தாகத் தெரிந்தது. பந்தும் போனால் போகிறது என்று எழும்பியது.

திங்கட்கிழமை வந்தது. எல்லாக் குழியையும் குறைந்த அடிகளில் முடிக்கிறவருக்கே ஜெயம். கடைசிக் குழிக்கு வரும்போது சம கணக்கில் நின்றது நானும் மொஹசினும். ஒலிமுகமது பேட்டைப் பையன். என்னோடு அதே பஸ், அதே பெஞ்ச். அவனும் அந்த பெஞ்சைச் சபிக்காத நாள் இல்லை. நல்ல பையன்தான், ஆனால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

என் இரண்டாவது அடி குழிக்குப் பக்கம் புல் ஓரத்தில் வந்து நின்றது. அவனுடைய இரண்டாவது அடி வழுக்கி வலப்பக்கப் புதருக்குள் பாய்ந்தது. ஒழுங்கான ஆட்டக்காரன், கடைசி வரை தலையைக் குனிந்தே அடித்தான். நிமிர்ந்தபோது பந்தைக் காணோம். பாண்டியன் சார் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷம் தேடலாம். கிடைக்காவிட்டால் கணக்கில் ஓர் அடியை அபராதமாகக் கூட்டி, பழைய இடத்திலிருந்தே திரும்ப அடிக்க வேண்டும். அப்புறம் நான் எப்படிச் சொதப்பினாலும் வேலை எனக்குத்தான்.

"எங்க போச்சு?" என்றான் யாரையும் பார்க்காமல்.

"ரெண்டாவது நொச்சிச் செடி, அடியில" என்றேன். கையும் அந்தப் பக்கம் நீண்டிருந்தது.

சொல்ல வேண்டும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. தர்மம், நியாயம் எதுவும் மனசில் ஓடவில்லை. வருஷக்கணக்காகக் கேட்கிற கேள்வி, வருஷக்கணக்காகச் சொல்கிற பதில். பல்லைக் கடித்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும்!

பந்து அங்கேதான் கிடந்தது. அவன் அதை வெளியே தட்டி எடுத்து, அடுத்த அடியில் கொடிப் பக்கம் கொண்டுவந்து, ஐந்தாவது அடியில் குழிக்குள் தள்ளினான். இனி நான் ஒரு சிப், ஒரு தட்டு என்று நாலில் முடித்தால் வேலை எனக்கு. சிப் பழையபடி தரையில் ஓடினால் வேலை அவனுக்கு.

போய் நின்றேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம். பந்துக்கு அடியில் நூல் இல்லை, வெறும் புல்தான். அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு அடித்தேன்.

மட்டை புல்லை உரசியது. பந்து இருந்த இடம் காலி. பார், பார் என்று கழுத்து நரம்பு இழுத்தது. நான் பார்க்கவில்லை. அடி முடிந்து, இனிப் பார்க்கலாம் என்றபோது பார்க்கத் தைரியம் வரவில்லை. பந்து எங்கே போனது என்று தெரியாமல் அந்த மைதானத்தில் நான் நின்றதே இல்லை.

"எங்கடா போச்சு?" என்றேன் புல்லைப் பார்த்தபடியே.

கொடிக்குப் பக்கத்தில் நின்றவன் மொஹசின்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கிட்டத்தான் அக்கா. ரொம்பக் கிட்ட. தொட்டா உள்ள போயிடும்."

வேலை கிடைத்துவிட்டது. குதிக்க வேண்டும்போல் இருந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது. நாளைக் காலையில் அந்த பெஞ்சில் அவன் போய் உட்கார வேண்டும், பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் குனிந்தபடியே நின்றேன்.

"தலையத் தூக்குக்கா" என்றான். "அதான் அடிச்சிட்டியே. இனிமே பாக்கலாம்."