நெய்க்கிணறு இல்லாத மலை

என் வீட்டுக்காரர் சீனுவாசன் செஞ்சிக் கோட்டை ஏறிய கதையை எங்கள் ஊரில் கேட்காதவர் கிடையாது. படிக்கிற வயதில் பள்ளிக்கூடத்துப் பையன்களோடு போனாராம், ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறினாராம், ராஜா காலத்தில் நெய் ஊற்றிவைத்த நெய்க்கிணற்றை எட்டிப் பார்த்தாராம், ராஜா ஊஞ்சல் ஆடிய மண்டபத்தில் உட்கார்ந்து சோறு தின்றாராம். கல்யாணமான இரண்டு வருஷத்தில் எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவரிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன். கிராம சேவிகா வேலைக்கு என்னை எடுத்திருந்தார்கள். ஊர் ஊராக நடந்துபோய், பெண்களுக்குக் காய்கறித் தோட்டம் போடவும் பிள்ளைகளைச் சுத்தமாக வளர்க்கவும் சொல்லித்தரும் வேலை. எனக்கு அதில் உயிர். அவரோ, கிணற்றங்கரைக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்குகிற நீ வெயிலில் எத்தனை ஊர் நடப்பாய் என்று சிரித்தார். நான் விடவில்லை. நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் ஒரு நாள் சொன்னார்:

"நான் ஏறின மலைய நீ ஏறிக் காட்டு. அப்புறம் பாக்கலாம் உன் வேலைய."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் மறுநாளே புளிச்சோறு கட்டிவிட்டேன்.

தை மாதம். திண்டிவனத்தில் பஸ் ஏறினோம். சன்னலோரம் எனக்கு. வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லை, கடலைச்செடி பச்சைப் பசேலென்று. கொஞ்ச தூரம் போனதும், பாறைகளை யாரோ கூடைகூடையாகக் கொட்டிவைத்த மாதிரி குன்றுகள் வந்தன. ஒரு திருப்பத்தில் கோட்டை தெரிந்தது. மலைமேலேயே மதில் ஏறிப் போகிறது! எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்குவதற்குள் எழுந்து எழுந்து நின்று கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

செஞ்சி சின்ன ஊர்தான். கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை. இரண்டிலும் கோட்டை. நீங்கள் ஏறினது எது என்று கேட்டேன். உயரமாக இருப்பதுதான், இதுகூடவா கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் ராஜகிரிப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

கல்யாண மஹாலையும் நெற்களஞ்சியத்தையும் வாயைப் பிளந்து பார்த்தேன். அப்புறம் படி. புருஷனை முந்தி நடக்கக் கூடாது என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். கமலக்கண்ணி அம்மன் கோயில்வரை நானும் அடக்க ஒடுக்கமாகப் பின்னால்தான் போனேன். அதற்குமேல் அவர் படிக்குப் படி உட்கார ஆரம்பித்தார். எத்தனை நேரம்தான் பொறுப்பது? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் முன்னால் போனேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, தொடை கடுத்தது. ஆனால் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஏரியும் வயலும் இன்னும் கீழே போயிருந்தன. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. சிரித்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நடுவில் பெரும் பள்ளம், அதன்மேல் மரப்பாலம். மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தப் பாலம் அப்ப இல்லியே" என்றார்.

அப்படியானால் பறந்தா போனீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மலை என் கண்ணில் பட்டது. அதன் உச்சியில் குவிந்த கூரையோடு ஒரு மண்டபம். அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான அதே ஊஞ்சல் மண்டபம். ராணிக்கோட்டை என்பார்களே, அது. அவர் எட்டிப் பார்த்த நெய்க்கிணறும் அங்கேதான் இருக்க வேண்டும். வாத்தியார் பையன்களை அந்தச் சின்ன மலைக்குத்தான் கூட்டிப்போயிருக்கிறார். இவர் இத்தனை வருஷமாக அதை ராஜா மலையாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரும் பார்த்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டியவள் நான். சிரிப்பு வரவில்லை. அவர் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தல சுத்துது வேணி. நீ மட்டும் போய்ட்டு வா."

நான் கையை நீட்டினேன். "கீழ பாக்காதீங்க. என்னையே பாத்துக்கினு வாங்க."

பின்பக்கமாகவே அடி வைத்து அவரை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்புறம் உச்சிக்கு ஓட்டமாக ஓடினேன். பீரங்கியைத் தடவிப் பார்த்தேன், ரங்கநாதர் கோயிலைச் சுற்றினேன், காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஊரே என் காலடியில் கிடந்தது. அந்தச் சந்தோஷத்திலும் ஒரு பயம். தோற்ற வீம்பில் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அவர் மெல்ல ஏறி வந்து சேர்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்தோம். பாதிச் சோறு இறங்கியதும் அவர் கேட்டார்:

"சேவிகா வேலைல எப்ப சேரணும்?"

"திங்கக்கிழம."

"அப்ப நாளைக்கே டவுனுக்குப் போய் உனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கணும்" என்றார். "நடக்கற வேலையாச்சே."