ஒலுவில் கரையில் கிடைத்த தாடை

ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டு போனதில், ஒரு நாள் காலை மனித எலும்புகள் வெளியே தெரிந்தன. செய்தி கல்முனைக்கு வந்ததும் பாத்தும்மா அங்கே ஓடினாள். சுனாமியில் போன அவளுடைய கணவர் அச்சிமுகம்மதின் மையத்து, அடக்கம் செய்யக் கடைசிவரை கிடைக்கவில்லை.

“இவர்தான், எனக்குத் தெரியும்” என்று மணலில் உட்கார்ந்தவளை எழுப்பவே ஆட்களுக்குப் பெரும் பாடாகிவிட்டது.

பக்கத்தில் கிடந்த சட்டி ஓடுகளைப் பார்த்த தொல்லியல் அதிகாரிகள், இது பழங்காலத்து ஆள் என்றார்கள். பாத்தும்மா நம்பவில்லை. கடைசியில் தாடை ஹிமாயாவின் மேசைக்கு வந்தது.

ஹிமாயா மருதமுனைக்காரி, பல் வைத்தியம் படித்தவள். செத்தவர்களின் பல்லில் கல்லாய் இறுகிப்போன காறையைச் சுரண்டி, அதற்குள் அகப்பட்டுக் கிடக்கும் கிருமிகளின் மரபணுவை வாசிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. மனிதர் தின்பது மாற மாற, வாய்க்குள் குடியிருக்கும் கிருமிகளும் எப்படி மாறி வந்தன என்பது அந்தக் காறையில் பதிந்திருக்கும்.

தாடையைக் கையில் எடுத்தவுடனே கடைவாய்ப் பற்களைக் கண்டாள். மணல் கலந்த தானியத்தை மென்று மென்று தட்டையாகிப் போயிருந்தன. அச்சிமுகம்மதாக இருக்க முடியாது. ஆனால், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிப் பாத்தும்மாவை அனுப்பிவிட அவளுக்கு மனம் வரவில்லை. சுனாமியில் ஹிமாயாவும் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவள். அவனுக்காவது அடக்கிய இடமென்று ஒரு கபுறு இருந்தது.

எலும்பையும் காறையையும் சோதனைக்குக் கொடுத்தாள். முடிவு வர ஏழு மாதம் எடுத்தது. அன்றைக்கே பாத்தும்மாவின் வீட்டுக்குப் போனாள்.

“சாச்சி, இது அவரில்ல.”

பாத்தும்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். “எப்பிடிப் புள்ள உறுதியாச் செல்லுறாய்?”

“எலும்புக்கு ஆயிரத்தி எண்ணூறு வருசம். பல்லுக் காறையையும் பார்த்தன். கிருமிகள்ட மரபணு துண்டு துண்டா உடைஞ்சி கிடக்கு. இருவது வருசத்துல அப்பிடி உடையாது. நம்மட பல்லச் சூத்தையாக்குற கிருமி அவர்ட வாயில இல்லவே இல்ல.”

“அப்ப அவர் இன்னும் கடலுக்குள்ளதான்.”

முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹிமாயா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துப் பாத்தும்மாவே கேட்டாள்:

“அண்டைக்கி அவருக்கெண்டு மணல்ல இரிந்து யாசீன் ஓதின. அதெல்லாம் அந்த ஆளுக்கா போன?”

“தெரியா சாச்சி.”

“போனாப் போகட்டும். அந்தாளையும் தேடி ஒருத்தி அழுதிருப்பாள்தானே.” கண்ணைத் துடைத்தாள். “நம்மட ஆள் எண்டு ஏழு மாசமா மனசுல வெச்சிட்டன். இப்ப எனக்கும் அந்தாளுக்கும் ஒண்டுமில்லையா?”

ஹிமாயா யோசித்துத்தான் பதில் சொன்னாள். “ஒரு கிருமி மட்டும் அவர்ட வாயிலயும் இரிந்திரிக்கி, இப்ப இந்தக் கரையில வாழுற ஆக்கள் கொஞ்சப் பேர்ட வாயிலயும் இரிக்கி. கூட இரிக்கிற ஆக்கள்ட வாயில இரிந்துதான் அது புள்ளைகளுக்கு வாற. அப்பிடியே வழிவழியா வந்திரிக்கும்.”

“என்ட வாயில?”

“பார்த்தாத்தான் தெரியும்.”

பாத்தும்மா எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். “பாரு.”

அவசரப்பட வேண்டாம் என்று ஹிமாயா சொன்னாள். அடுத்த கிழமை கிளினிக்குக்குக் கூப்பிட்டு, தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, கீழ்ப்பற்களின் பின்புறத்திலிருந்து அரிசிக் குருணை அளவு காறையை எடுத்தாள்.

நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. ஹிமாயா போனில் கூப்பிட்டாள்.

“இரிக்கி சாச்சி. அதே கிருமிதான்.”

மறுமுனையில் பாத்தும்மா கேட்டாள்:

“அந்தாள இப்ப எங்க வெச்சிரிக்காங்க?”

“அம்பாறையில, தொல்லியல் கந்தோர்ல. ஒரு பெட்டிக்குள்ள.”

“திரும்ப மண்ணுக்குள்ள வெக்கச் செல்லிக் கடிதம் எழுதலாமா?”

“எழுதலாம். கேப்பாங்களோ தெரியா.”

“நீ எழுது, நான் கைநாட்டு வெக்கிறன்” என்றாள் பாத்தும்மா.