நன்றிக்கு ஒரு படம்

"உங்க அக்காகிட்ட இருக்கற நம்ம வீட்டுச் சாவியை வாங்கிக் குடுங்க."

கல்யாணத்தன்றே அம்மா காதைத் திருகாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: எதை வேண்டுமானாலும் கேள், நாத்தனார் கையிலிருக்கும் சாவியை மட்டும் கேட்காதே, குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அவளும் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். இன்று, கடலைப் பார்த்த விடுதியின் மாடி அறையில், காலையிலேயே வாயைத் திறந்துவிட்டாள்.

பால்கனியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்த கணவன் நிறுத்தினான்.

"வந்த இடத்துல எதுக்கு அந்தப் பேச்சு?"

"வந்த இடத்துலதான் பேசற அளவுக்குத் தெம்பு வந்திருக்கு."

அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். வாங்கிய பட்டத்துக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர இரவு வேலை. விடிய விடிய ரத்த மாதிரிக் குழாய்களை இயந்திரத்தில் சுழலவிட்டு, கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் வீடு வந்து படுப்பாள். கண் அயரும் நேரம் பார்த்துப் பூட்டில் சாவி திரும்பும். கீழ்வீட்டு அண்ணி, அவன் அக்கா. "நீ தூங்கும்மா, நான் பாட்டுக்கு என் வேலையைப் பாக்கறேன்" என்பாள். அவள் வேலை என்பது இந்த வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றுவது. சாயங்காலம் தம்பி வந்ததும், "என்னடா, உன் ஆந்தையம்மா முழிச்சாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

கெட்டவள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்தே வளர்த்தவள். இந்தக் கடற்கரை ஏற்பாடும் அவளுடையதுதான். "மூஞ்சியப் பாரு, பிழிஞ்சு போட்ட துணியாட்டம். போய் ரெண்டு நாள் நல்லா தூங்கிட்டு வா" என்று விரட்டி அனுப்பினாள்.

இவளும் சொன்னபடியே தூங்கினாள். நேற்று மத்தியானம் வந்து சேர்ந்ததும் அறை முழுக்கக் கடல் வெளிச்சம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே இன்னொரு படுக்கை விரிப்பை எடுத்து ஜன்னலில் முடிச்சுப் போட்டுக் கட்டினான். கதவை மெல்லச் சாத்திவிட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துண்டு மாற்ற வந்த ஆளைக்கூடச் சைகையிலேயே திருப்பி அனுப்பினான். கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உடம்பு பஞ்சாக இருந்தது. நன்றி என்று வாயால் சொல்லிப் பழகாதவள், அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அலைவரை நடந்தாள். இப்படி ஒருத்தன் போதும் என்று நினைத்தாள்.

காலையில் போனைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, நன்றி வேறு வழியில் போய்விட்டது.

அவன் குடும்பத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அதைப் பயன்படுத்துகிற படம் அனுப்பியாக வேண்டும். சட்டை கொடுத்தால் சட்டை போட்ட படம். குக்கர் கொடுத்தால் அடுப்பில் குக்கர். தூக்கம் கொடுத்த அக்காவுக்கு, தூங்குகிற இவளைப் படமெடுத்து, குடும்பக் குழுவிலேயே போட்டிருந்தான். வாய் திறந்து, ஒரு கால் போர்வைக்கு வெளியே. 'அக்கா தயவில் நிம்மதியான தூக்கம்.' அதற்குக் கீழே சித்தப்பா: 'கொசு உள்ள போயிடாம பாத்துக்கடா.'

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அடுத்தது அண்ணி அனுப்பிய படம். இவர்கள் படுக்கையறை. பகல் தூக்கத்துக்காக அவள் தைத்து மாட்டிய கறுப்புத் திரைகளைக் காணோம். தலையணைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. 'கறுப்புத் துணியெல்லாம் கழட்டிப் போட்டுட்டேன். இப்பதான் வீடு வீடா இருக்கு.' அதற்கு அவன் ஒரு கும்பிடு போட்டிருந்தான்.

"அக்காவுக்குத் தெரியாதும்மா. நல்லதுன்னு நெனச்சு செஞ்சிருக்காங்க."

"அவங்களுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியும்ல? நேத்து நீங்கதான ஜன்னல்ல துணி கட்டினீங்க. தெரிஞ்சே கும்பிட்டிருக்கீங்க."

அவன் கடலைப் பார்த்தான். "அக்கா இல்லன்னா நான் இல்ல."

"நீங்க இல்ல, சரி. வளத்தது உங்களை. நீங்க காலம் பூரா கும்பிடுங்க, நான் தடுக்கல. என் தூக்கத்தை எடுத்துக் காணிக்கை வெக்காதீங்க."

"சாவியைக் கேட்டா உடைஞ்சு போயிடுவாங்க. என்னால முடியாது."

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவளுக்குச் சிரிப்பு வந்தது, களைத்த சிரிப்பு.

"எந்தக் கட்டடத்துல யாரு மாட்டிக்கிட்டாலும் ஓடிப் போய்க் கதவைத் தொறக்கறீங்க. சொந்த வீட்டுக் கதவை மூடச் சொன்னா கை வரமாட்டேங்குது."

"கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன். வேணும்னா நீ பகல் வேலைக்கு மாத்திக் கேட்டுப் பாரேன்."

அந்தப் பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவன் குளித்துக்கொண்டிருந்தபோதே பரிசோதனைக் கூடத்துத் தலைமை அம்மாவுக்குப் போன் போட்டிருந்தாள். இரவு வேலை பார்ப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அறை உண்டு, அந்த அம்மா எத்தனையோ தடவை சொல்லியும் இவள்தான் மழுப்பி வந்தாள்.

"ஒண்ணு இருக்கும்மா. பின்பக்கம், ஜன்னல் ரொம்பச் சின்னது. பரவால்லயா?"

"அதுதான் மேடம் வேணும்."

சாவியை அவன் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு மறுபடி போன் போட்டு அறை வேண்டாம் என்றிருப்பாள். ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பை ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது. ஜன்னலில் கட்டிய விரிப்பின் முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்து, மடித்துக் கட்டிலில் வைத்தாள். வெளிச்சம் அறைக்குள் கொட்டியது.

"நேத்து நல்லா தூங்க வெச்சீங்க," என்றாள். "அதுக்கு நன்றி. மனசாரச் சொல்றேன். படமெல்லாம் கெடையாது."

அவன் எழுந்து நின்றான். ஒரு காலில் செருப்பு, இன்னொன்று கையில்.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கு. ரூம் எடுத்துட்டேன்."

"அக்காகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"நீங்க எப்ப வேணாலும் வரலாம். பகல்ல வந்தா மட்டும் கதவைத் தட்டிட்டு வெளிய நில்லுங்க. நான் எழுந்து வந்து தொறப்பேன்."

படியெல்லாம் மணல். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கினாள்.