ஆனி மாதத்துக் காளான்

"செம்பூர் மலைக்குப் பின்னால ஒரு காளான் முளைச்சிருக்கு. மழைக்கு நானும் ஒரு எருமையும் அதுக்கடியிலதான் ஒதுங்கி நின்னோம். எருமைக்கு வாலு மட்டுந்தான் நனைஞ்சுது" என்றான் அய்யாத்துரை.

தாராவியில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை முன்னால் கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில், சயான் ஸ்டேஷனில் நின்ற ரயில் கொடி காட்டுவதற்கு முன்பே பயந்து கிளம்பிவிட்டது. சிரிக்காதவர் அண்ணாச்சி ஒருவர்தான். தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எருமை கிடக்கட்டும்வே. இது என்ன மாசம்?"

"ஆனி."

"ஆனியில எவன்வே காளானைப் பாத்தான்?"

அதோடு பேச்சு முடிந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம். ஊரில் காளான் என்றால் ஐப்பசி. இடி இடிக்க வேண்டும், புற்று நனைய வேண்டும். பம்பாய்க்கு வந்து தலை நரைத்த பிறகும் அந்தக் கணக்கை யாரும் மாற்றவில்லை. அண்ணாச்சியே வருஷந்தோறும் ஐப்பசி பிறந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு செம்பூர் மலைக்குப் போவார். அதற்குள் பம்பாய் மழை ஓய்ந்து மண் காய்ந்திருக்கும். வெறும் பையோடு திரும்பி, "இந்த மண்ணு மலடு" என்று தீர்ப்புச் சொல்வார். காக்குண்டுமணி கூடவும் நிறுக்காத, குறையவும் நிறுக்காத மனிதர். அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

அய்யாத்துரைக்குத் தோல் ஷாப்பில் வேலை. அவன் பொய் சொல்வான் என்பது தாராவியின் தோல் நாற்றத்தைவிட அதிக தூரம் பரவியிருந்தது. நாற்றம் குர்லாவோடு நின்றுவிடும், இவன் புகழ் கல்யாண் வரைக்கும் போகும். ஆனால் அந்தப் பொய்க்கு முன்பெல்லாம் ஒரு கடிவாளம் இருந்தது. அவன் பெண்டாட்டி கனகவள்ளி. "நேத்து ஒரு கொசு என்னைத் தாணா வரைக்கும் தூக்கிட்டுப் போயிட்டு" என்று அவன் சொன்னால், "திரும்பி வர டிக்கெட் எடுத்தியளா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், கொசு செத்துவிடும்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பம்பாயே பெண்டு பிள்ளைகளை ஊருக்கு ரயிலேற்றியபோது, இவனும் அவளை அனுப்பிவைத்தான். பம்பாயில் குண்டு விழவில்லை. ஊரில் கனகவள்ளிதான் காய்ச்சலில் விழுந்தாள். எழவில்லை. தகவல் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது அவனுடைய ஒற்றை அறைக் கோலியில் எதைச் சொன்னாலும் சுவர் ஒத்துக்கொண்டது. மறுத்துப் பேச ஆளில்லாத வீட்டில் பொய் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய அநாதைத்தனம் என்று.

அந்த மௌனம் தாங்காமல்தான் போன ஞாயிற்றுக்கிழமை மழையில் இறங்கி நடந்தான். செம்பூர் தாண்டி, மலைச்சரிவில், ஒரு புற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நின்றது காளான். ஒரு நிமிஷம் மாசம் மறந்து, ஊர் மறந்து, "ஏட்டி, இங்க பாரேன்" என்று திரும்பினான். பின்னால் மழை மட்டும் இருந்தது.

துண்டு நிறையப் பறித்து வந்து, வெங்காயமும் மிளகும் போட்டுக் குழம்பு வைத்தான். பக்கத்துக் கோலியில் ஷாகுல் ஹமீதின் மனைவி பீவியிடம் தட்டுகளை இரவல் வாங்கி அடுக்கிவைத்தான். தெருவில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டான். ஆனியில் முளைத்த காளானை, அதுவும் அய்யாத்துரை பார்த்துப் பறித்த காளானைத் தின்ன எவனுக்குத் துணிச்சல் வரும்? ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. தனியாக உட்கார்ந்து தின்றான். தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது பீவி விரலால் தடவிப் பார்த்தாள்.

"நனையவே இல்லியேண்ணே."

மறுநாள் அவன் உயிரோடு வேலைக்கு வந்ததும், "அப்பம் நீ காளானே தின்னலலே" என்று ஷாகுல் ஹமீது முடிவு கட்டிவிட்டான். செத்திருந்தால் நம்பியிருப்பார்கள். அந்த ஆத்திரத்தில்தான் இன்று கடையில் காளானுக்கடியில் எருமை வந்து நின்றது.

"கண்ணால பாத்தா ஒத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போரும். இல்லைன்னா இனிமே என் கடை முன்னால வாயைத் திறக்கப்பிடாது."

அய்யாத்துரை தலையை ஆட்டினான். அவனுக்கென்று மிச்சமிருந்தது அந்தக் கடை வாசல் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மழை, அரபிக்கடலை யாரோ தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் பெய்தது. இருவரும் ஆளுக்கொரு கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு போனார்கள். போன வாரத்துப் புற்று கரைந்து கிடந்தது. ஒன்றும் இல்லை. அண்ணாச்சி சாக்கை உதறிப் போட்டுக்கொண்டு மேலே நடந்தார்.

எருமைகள் மேயும் புல்வெளிக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"ஏ... அய்யாத்துரை..."

புல்லுக்கு மேலே தாம்பாளம் தாம்பாளமாக விரிந்திருந்தன காளான்கள். வெள்ளைக் குடைகள், மேலே பழுப்புச் செதில்கள். கன்றுக்குட்டி ஒன்று முட்டி போட்டால் நிஜமாகவே காதை நனையாமல் காப்பாற்றிக்கொள்ளலாம். ஓர் எருமை அவற்றுக்கு நடுவில்தான் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"மெய்தாம்வே! இதானா நீரு சொன்னது? பறியும், பறியும். கடை வாசல்ல தொங்கவிட்டுருவோம். பாதியக் குழம்பு வச்சிருவோம்."

அய்யாத்துரை ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாராவி முழுக்க இனி அவன் சொன்னதுதான் வேதம். குனிந்து ஒன்றைப் புரட்டினான். அடிமடிப்புகளில் பாசி பிடித்ததுபோல் பச்சை ஓடியிருந்தது. காம்பைப் பிடித்து இழுத்தான். வேர் நீளாமல் புல்லிலிருந்து சுலபமாகக் கழன்று வந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி. தொடாதிய."

"ஏன்?"

"இது புத்துக்காளான் இல்ல. அடியில பச்சை இருக்கு பாருங்க. தின்னா குடல் வாய்க்கு வந்துரும்."

"அப்பம் அன்னைக்கு நீரு பாத்தது?"

அய்யாத்துரை மழையைப் பார்த்தான். "அது உள்ளங்கை அகலந்தான். எருமை எல்லாம் சும்மா."

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். சாமான் சரியான எடைதானா என்று பார்க்கிற பார்வை.

ஓடை மேட்டில் வேறொரு புற்றைத் தேடிப்பிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. உச்சி கூம்பிய சின்னக் காளான்கள், ஒரு கைத்துண்டு நிறையும். அய்யாத்துரை ஒன்றை மெல்ல இழுத்தான். வாலைப்போல் நீண்ட வேர் புற்றுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி தாமே ஒன்றை இழுத்துப் பார்த்தார். மோந்தார். துண்டில் போட்டார்.

கோலியில் குழம்பு கொதித்து முடிந்ததும் தன் தட்டில் ஊற்றி முதலில் தின்றுகாட்டினான் அய்யாத்துரை. அண்ணாச்சி சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோலிக்குள் ஒரு மனித மூச்சு கேட்டே எத்தனையோ நாளாகியிருந்தது.

"அந்தப் பெருசை எதுக்குவே விட்டீரு? அதைக் காட்டியே ஜெயிச்சிருக்கலாமே?"

"நீங்க தின்னுட்டியன்னா?"

அண்ணாச்சி தட்டை நீட்டினார்.

"ஊத்தும். உப்பு ஒரு கல்லு கூட. இருந்தாலும் ஊத்தும்."

"உப்பே போடல அண்ணாச்சி. மழைத்தண்ணி அரபிக்கடல்ல இருந்து நேரா வந்தது."

"சும்மா அளக்காதீரும்வே!"

அய்யாத்துரைக்குக் கரண்டி கை நழுவியது. குனிந்து எடுக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் கடை முன்னால் வழக்கமான கூட்டம். அண்ணாச்சியைக் கண்டதும் ஷாகுல் ஹமீது முந்திக்கொண்டான்.

"உசுரோட இருக்கியளே அண்ணாச்சி! அப்பம் காளானும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. என்னலே அய்யாத்துரை, இனி வாயைத் திறப்பியாலே?"

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார்.

"ஆனியில காளான் முளைக்கி. என் கையால பறிச்சேன், அவன் கோலியில உக்காந்து ரெண்டு தடவை வாங்கித் தின்னேன். இத்தனை வருஷமா நாந்தான் மாசம் தப்பிப் போயிருக்கேன். அவன் சொன்னது நடந்ததுதாம்வே."